இரு முனைகளும் விட்டுக்கொடுத்த பிறகு

1

இக்கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை, கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈத்தர்நெட் சில்லுகளுக்கு மென்பொருள் எழுதுபவள். நான் எழுதவேண்டிய ஆய்வேட்டிலிருந்து தப்பிக்க, அவள் மேசையில் கிடந்த சில்லுக் கையேட்டை ஒருநாள் புரட்டினேன். ஒரு பக்கத்தில் மூன்று அமைப்புகள்: வேகம், டியூப்ளெக்ஸ், ஃபிரேமின் அளவு. அதாவது எவ்வளவு விரைவாகப் பேசுவது. பேசும்போதே கேட்பதா, முறைவைத்துப் பேசுவதா. ஒரே மூச்சில் எவ்வளவு சொல்வது.

[இதை மனித உறவுக்கு உருவகமாக்கும் ஆசை உடனே எழுந்தது. அடக்க முயன்றிருக்கிறேன்.]

2

முதல் தொடக்கம்: "மழை விடாது பெய்த அந்த மாலையில் அவள் தன் கணவனை நினைத்து—"

(கைவிடப்பட்டது. சில்லுக்கு மழை தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் ஒரு பெட்டி. எடுத்த படத்தை எதிர்க் கட்டடத்து மருத்துவரின் திரைக்கு அனுப்புவது அதன் பணி. அதனுள் இருக்கும் சில்லுக்கு மென்பொருள் எழுதியவள்தான் கதையின் 'அவள்'. கம்பியின் மறுமுனையில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சைப் பராமரிப்பவன் அவள் கணவன். இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள், பேச்சு நின்றுவிட்டது. இன்று மாலைக்குள் படங்கள் ஒழுங்காகப் போகாவிட்டால் பெட்டி திருப்பி அனுப்பப்படும். அவளுடைய நெடுநாள் உழைப்பும் அதனுடன் மூட்டை கட்டப்படும்.

இதை வைத்துக்கொண்டேன்.

3

எக்ஸ்ரே அறையில், பெட்டியின் முன் அவள். இணைப்பு விளக்கு எரிகிறது. சிறு செய்திகள் போகின்றன. படம் மட்டும் பாதியில் திணறுகிறது. ஃபிரேமின் அளவுதான் குற்றவாளி என்று எண்ணி அதை உயர்த்திப் பார்த்தாள், பயனில்லை. பிறகுதான் தன் பக்கத்தில் மோதல்கள், அதாவது இரு முனையும் ஒரே நேரத்தில் பேசி இடித்துக்கொள்வது, பெருகுவதைக் கவனித்தாள்.

அவள் தன் சில்லை, எதிர்முனையுடன் பேசித் தானே முடிவெடுக்கும்படி விட்டிருந்தாள். எதிர்முனை பேச மறுத்தால் சில்லு வேகத்தை மட்டும் ஊகித்துக்கொள்ளும்; டியூப்ளெக்ஸில் அடக்கமாக, முறைவைத்துப் பேசும் நிலைக்கு இறங்கிவிடும்.

"சுவிட்ச்ல கையால ஃபுல் டியூப்ளெக்ஸ், அதாவது பேசிக்கிட்டே கேக்கற மாதிரி, வச்சிருக்காரான்னு கேளுங்க" என்றாள் எக்ஸ்ரே எடுக்கும் பெண்மணியிடம்.

அவர் தொலைபேசியில் கேட்டுவிட்டுத் திரும்பினார். "ஆமாவாம் மேடம். தானா பேசி முடிவெடுக்கற எதையும் சார் நம்பறதில்லையாம்."

"அது எனக்குத் தெரியும்."

"இதையும் அவர்கிட்ட சொல்லணுமா?"

"வேணாம்."

"நல்லவேளை. படம் எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல கம்பியா இருக்கறதுக்குத் தனியா கேக்கணும்."

அடுத்த நோயாளியைக் கூப்பிட அவர் வெளியே போனார்.

4

அவள் யோசித்தாள்: அவன் பிடிவாதம் அவனோடு இருக்கட்டும். தன் சில்லையும் ஃபுல் டியூப்ளெக்ஸில் நிலைநிறுத்தினாள்.

எதிர்க் கட்டடத்தில், அதே நேரம், அவன் யோசித்தான்: என்னால் அவள் வேலை கெட வேண்டாம். சுவிட்சின் பிடியைத் தளர்த்தி, பேசி முடிவெடுக்கும்படி விட்டான்.

மாற்றியதை இருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. பிழை இடம் மாறியது, தீரவில்லை.

[இந்தச் சமச்சீர்மையை என்னுள் இருக்கும் விமரிசகர் நம்பவில்லை. "கர்வத்தின் உச்சியில் அவன்—" என்று வேறொரு வரைவை எழுதித் தங்கையிடம் நீட்டினேன்.]

"கர்வமெல்லாம் எதுக்குக்கா? நல்லவங்க ரெண்டு பேரு சொல்லாம கொள்ளாம சரிபண்ணப் போனா இதான் நடக்கும். எங்க ஆபீஸ்ல பாக்காததா?"

"அப்ப எப்படித்தான் சரியாகும்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கணும். யாரு எதை வச்சிருக்காங்கன்னு சொல்லிக்கணும்."

"அதுக்கு அவங்க பேசணுமே."

"நீதானே எழுதற? பேச வையேன்."

5

முதல் முடிவு: அவள் அழைக்கிறாள், படங்கள் பாய்கின்றன, இருவரும்— (அடித்துவிட்டேன். கதைக்குத் தேவை என்பதற்காக ஒருத்தியின் மௌனத்தைக் கலைக்க எனக்கு உரிமையில்லை.)

இரண்டாம் முடிவு: பெட்டி திரும்பிப் போகிறது. விமரிசகர்கள் இதை விரும்புவார்கள். நானும் விரும்பினேன், அதனாலேயே ஐயுற்றேன்.

எஞ்சியது இது. அவள் மீண்டும் திரையைப் பார்க்கிறாள். தன் பக்கத்தில் மோதல்கள் நின்றுவிட்டன. மாறாக, உடைந்த ஃபிரேம்கள் வந்து விழுகின்றன. எதிர்முனை இப்போது முறைவைத்துப் பேசுகிறது என்பதற்கு அதுவே சான்று. அப்படியானால் அவன் பிடியை விட்டிருக்கிறான். அவன் திரையில் மோதல்கள் தோன்றியிருக்கும். அவள் இறங்கி வந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் விரல் பழைய அமைப்புக்குத் திரும்பப் போயிற்று. அவனும் இதே கணத்தில் தன் பழைய அமைப்புக்குத் திரும்பினால்? விரலை எடுத்தாள்.

பெண்மணி உள்ளே வந்தார். "சார் லைன்ல இருக்கார் மேடம். என்ன சொல்லட்டும்?"

"குடுங்க. நானே பேசறேன்."

காதில் வைத்தாள்.

"நான்தான்—" என்றாள்.

"நான்தான்—" என்றான் அவனும், அதே நொடியில்.

இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

மோதிய இரு முனைகளும் ஆளுக்கொரு கால அளவு காத்திருக்க வேண்டும், குறைவாகக் காத்திருப்பவர் முதலில் பேசலாம் என்கிறது கையேடு. அந்த அளவை யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. நானும் நிர்ணயிக்கவில்லை. மாலையாக இன்னும் சற்று நேரம் இருக்கிறது. முறை யாருடையது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.