சோடாவில் கழுவிய கரி

குழாயின் அடியில் ஒரு சொட்டு நின்றது.

கனிமொழி கண்ணாடிக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்பது பங்கு மெத்தனால், ஒரு பங்கு எண்ணெய். எண்ணெய் பயோடீசலாக மாறியிருந்தால் கரைந்துபோகும். மாறாதது அடியில் தங்கும். இது தங்கியது. மூன்று முறை சரியாக வந்த வேலை நான்காம் முறை கவிழ்ந்திருந்தது.

வாசலில் வேணுகோபால் வந்து நின்றார். ரைஸ் மில் அவருடையது. அதன் பின்னால் இருந்த இந்தத் தகரக் கொட்டகையும் அவருடையது.

"இன்னாம்மா, இன்னிக்கும் சோப்பா?"

அந்தக் கேலிக்கு ஒரு வருடம் ஆகிறது. மில்லில் தேங்கிக் கெட்ட தவிட்டின் எண்ணெய் சமையலுக்கு ஆகாது, புளிப்பு அதிகம். அதில் காரம் சேர்த்து டீசலாக்கப் பார்த்தாள். ஒரு டிரம் எண்ணெயும் சோப்பாக உறைந்தது. பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் பட்டு வேகவைக்க அதை வாளி வாளியாக அள்ளிப்போனார்கள். அதன் பிறகு காரத்தை விட்டாள். உமியைக் கரியாக்கி, அதில் கந்தக அமிலத்தை ஏற்றிக் கறுப்பு மணிகள் செய்தாள். எண்ணெயில் கரையாத அமிலம். எவ்வளவு புளித்த எண்ணெயும் அதனிடம் சோப்பாகாது. வேலை முடிந்ததும் வடிகட்டிக் கழுவி, மறுபடி போடலாம்.

"சோப்பு இல்ல சார். எண்ணெயாவே கீது."

"அதுக்கு நானே தேவல. நானும் எண்ணெயாதான் வெச்சிகினு இருந்தேன்." சிரித்துவிட்டு அவர் குரலை மாற்றினார். "பவர்லூம்காரன் இந்தக் கொட்டாய கேட்டுகினே கீறான். நாளைக்கு மூணு மணிக்கு என்ஜின் ஓடணும். ஓடலன்னா சாவிய குடுத்துடு."

"ஓடும் சார்."

"எத வெச்சி சொல்ற?"

"மூணு தபா எண்ணெய் சரியா மாறிச்சு. நாலாவது தபா எண்ணெய்க்கு புத்தி மாறுமா? நாமதான் இன்னாவோ மாத்திட்டோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் மில் களத்தில் பெரணமல்லூரிலிருந்து வந்து நெல் துழாவியவள் கனிமொழியின் அம்மா. மகள் கல்லூரி வேலையை விட்டு அதே களத்துக்கு வந்து நின்றபோது, பார்ப்போமே என்றுதான் சாவியைக் கொடுத்தார். வேறு இடம் அவளுக்கு யாரும் தரவில்லை.

எண்ணெய் அதே டிரம். மெத்தனால் அதே கேன். சூடு அதே அளவு. மிச்சம் மணிகள்தான். ஒரு சிட்டிகை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டாள். நல்ல மணி அந்தத் தண்ணீரைப் புளிக்கவைக்கும். நீல லிட்மஸ் தாள் சிவக்கும். தாள் நீலமாகவே இருந்தது.

மணிகளைக் கழுவுவது ஹேமலதா. சாயப்பட்டறை வேலை போக, காலையில் இரண்டு மணி நேரம் இங்கே. அவள் சைக்கிளை நிறுத்துவதற்குள் கனிமொழி கேட்டாள்.

"ஹேமாக்கா, போன தபா மணிய எதுல கழுவினீங்க?"

"கேன் தண்ணி தீந்துட்சி. பட்டறைக்கு எடுத்துகினு போயி, பட்டுல பசை எடுக்கற தொட்டில அலசினேன். சூடா சோப்பும் சோடாவும் ரெடியா இருந்துச்சி. பிசுக்கு துளி இல்ல பாரு!"

கனிமொழி சிரித்துவிட்டாள். கழுவுவது என்றால் அந்தத் தொட்டிதான், ஹேமலதாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக.

"இன்னா சிரிக்கிற? கெடுத்துட்டனா?"

"கரில இருந்த அமிலத்த சோடா முழுங்கிட்சிக்கா."

"போச்சு. மறுபடி உமி எரிக்கணும். ஒரு வாரம் பேஜாரு."

"வாணாம். சாயம் போட்ட பட்டு மொறுமொறுன்னு சத்தம் வரணும்னா கடைசில இன்னா பண்ணுவீங்க?"

"இது தெரியாதா? அமிலத் தண்ணில முக்கி எடுப்போம்." ஹேமலதா நிறுத்தினாள். "அட, அவ்ளோதானா?"

"அவ்ளோதான். உங்களுது பட்டுக்கு, லேசா இருக்கும். நான் கந்தக அமிலம் போடறேன். ஜல்தி வாங்க."

ஹேமலதா பட்டறைக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். மணிகள் மதியம்வரை அமிலத்தில் ஊறின. ஒட்டாமல் நின்ற அமிலம் போகும்வரை கேன் தண்ணீரில் ஹேமலதா அலசினாள், ஒன்பது முறை. எண்ணிச் சொன்னாள். பிறகு அடுப்பில் உலர்த்தினார்கள். ஒரு சிட்டிகை உப்புத் தண்ணீரில் போட்டபோது தாள் சிவந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு எண்ணெயும் மெத்தனாலும் மணிகளும் சூடேற்றும் உருளைக்குள் போயின.

ஒரு மணிக்கு வடிகட்டினார்கள். மெத்தனாலைப் பிரித்து, அடியில் தங்கிய கிளிசரினை இறக்கினார்கள். கனிமொழி குழாயைச் சன்னலில் பிடித்தாள். அடியில் ஒன்றும் இல்லை. ஹேமலதா குழாயை வாங்கித் தலைகீழாகக்கூடப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு மில்லின் பழைய என்ஜினில் ஊற்றினார்கள். மூன்றாவது சுற்றில் அது பிடித்தது. பெல்ட் ஓடியது. வேணுகோபால் புகைக்குழாய் அருகே போய் மூக்கைச் சுளித்தார்.

"வடை சுட்ட வாசனை வருது."

"சோப்பு வாசனை வரலியே சார்," என்றாள் ஹேமலதா.

அவர் என்ஜினை ஒருமுறை சுற்றி வந்தார். கால் மணி நேரம் நின்று பார்த்தார். என்ஜின் ஒருமுறைகூடத் திக்கவில்லை. கனிமொழி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். கேட்டது அவர், முடிவும் அவரே சொல்லட்டும்.

வேணுகோபால் சாவியைப் பார்த்தார்.

"அந்தப் பூட்டு துரு. சரியா தொறக்காது. உன் எண்ணெயில ரெண்டு சொட்டு வுடு." பெல்ட் பக்கம் திரும்பிக்கொண்டார். "பவர்லூம்காரன வேற எடம் பாத்துக்க சொல்லிட்றேன்."