டப்பாவைப் பிடித்த மூவர்

ராமக்காளின் கைக்கு ஒன்றாக இரண்டு தகர டப்பாக்களைக் கொடுத்து, இறுக்க வேண்டாம், சும்மா பிடித்திருந்தால் போதும் என்றார் உமர் பாரூக். டப்பாக்களிலிருந்து போன ஒயர்கள் மேசைமேல் இருந்த பெட்டியில் சேர்ந்தன. பெட்டியின் முகத்தில், கண்ணாடிக்குள் ஒரு முள். மதுரை முனிச்சாலையில் பன்னிரண்டு வருஷமாக ரேடியோ ரிப்பேர் செய்கிற உமருக்கு, எழுபத்தெட்டாம் வருஷத்து அந்த மார்ச் காலையில்தான் தன் கடையில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

தப்பு அவருடையதுதான். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்தப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுக் கொடைக்கானல் போயிருந்தாள். ஈ-மீட்டர் என்று பெயராம். சயின்டாலஜி என்று ஒரு மார்க்கம். அதில் ஒருவர் டப்பாக்களைப் பிடித்துக்கொள்ள, எதிரே இருப்பவர் பழைய துக்கங்களைப் பற்றிக் கேட்பாராம், முள் அசைகிற இடத்தில் நின்று மேலும் கேட்பாராம். திறந்து பார்த்த உமருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உடம்பின் வழியே துளி மின்சாரம் போகிறது. கை வியர்த்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, முள் சாய்கிறது. அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் அவ்வளவோடு நிறுத்த மனசு வரவில்லை. "பொய் சொன்னா முள்ளு துள்ளிரும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சு திருவாதவூர்ச் சின்னச்சாமி வரைக்கும் போய்விட்டது. அவர் வீட்டில் மகளுடைய சங்கிலியைக் காணோம். சமையல் வேலை செய்கிற ராமக்காளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மிஷின் சொல்லட்டும் என்று அவர் சொல்ல, சொல்லட்டும் என்று அவளும் ஏறிவிட்டாளாம்.

"கேளுங்க பாய்" என்றார் சின்னச்சாமி.

உமர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். முள் லேசாக ஆடியதோடு சரி.

"சங்கிலிய எடுத்தியாம்மா?"

"இல்ல."

முள் சட்டென்று வலது ஓரத்துக்குப் போய் முட்டி நின்றது.

"பாத்தீகளா" என்றார் சின்னச்சாமி. குரலில் சந்தோஷம் இல்லை. எட்டு வருஷமாகச் சோறு பொங்கிப் போட்டவள். எடுத்திருக்கக் கூடாது என்றுதான் அவரும் நினைத்திருப்பார் போல. ராமக்காள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை தெரியாமல் எடுத்துவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்படுகிறவளைப் போல விழித்தாள். அதைத்தான் உமரால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, இப்ப நீங்க பிடிங்க."

"நான் எதுக்கு?"

"சும்மா பிடிங்கண்ணே."

பிடித்தார்.

"சங்கிலிய நீங்க எடுத்தீகளா?"

"என்னய்யா கேள்வி இது? இல்ல!"

முள் அதே ஓரத்தில் போய் முட்டியது. சூடு பட்டவர் போலச் சின்னச்சாமி டப்பாக்களை மேசையில் போட்டார்.

"கை வேர்த்தா சாயும்ணே. பயந்தாலும் சாயும், கோவம் வந்தாலும் சாயும். எடுத்தது யாருன்னு இதுக்குத் தெரியாது. டீக்கடையில நான் சொன்னதுதான் பொய்." உமர் ராமக்காள் பக்கம் திரும்பினார். "என்னைய மன்னிச்சிரும்மா."

அவள் டப்பாக்களை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களும் பிடிங்க பாய்."

வாங்கிக்கொண்டார்.

"நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீகளா?"

கார் வந்து நின்றபோது, அவளுடைய சாயம்போன சேலையைப் பார்த்ததும், எடுத்திருப்பாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"ஆமாம்மா. நெனச்சேன்."

முள் எந்தப் பக்கம் போனது என்று இருவரும் பார்க்கவில்லை. ராமக்காள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நம்ப முடியாதபடி, சிரித்தாள்.

"நீங்க ஒரு ஆளாச்சும் மூஞ்சிக்கு நேரா சொன்னீகளே."

எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அய்யா, நான் பஸ்ல போயிக்கிறேன். நாளைக்கு வேலைக்கு வரல. நான் எடுக்கலன்னு உங்களுக்கா தோணுச்சுன்னா வந்து கூப்பிடுங்க. சங்கிலி கெடச்ச பெறகு கூப்பிட வேணாம்."

படியிறங்கி நடந்தாள். டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தான். சின்னச்சாமி அதில் ஒரு காலை வைத்தார், எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமும் ஏ புள்ள என்றே கூப்பிட்டுப் பழகிய மனுஷன்.

"ராமக்கா" என்ற குரல் கடை வரைக்கும் கேட்டது.

அவள் திரும்பவில்லை. வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரியைத் தாண்டியதும், அவள் நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது.