செவ்வாய் மதியம் ஒன்றேகால்

ஹரிதா கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து நீல ஒயரைப் பிடுங்கினாள். “மரியசூசை சார், இந்த மெஷினை இனிமே யாரும் தொடப்படாது” என்றாள்.

மும்பை செம்பூரில் இருந்த அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் மரியசூசைக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கேன் படம் பார்க்க அங்கே பிரவுசரைத் திறக்க வேண்டும். அதற்குள் ஜாவா ஆப்லெட் என்ற சின்ன புரோகிராம் ஓடினால்தான் படம் தெரியும். அதில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளியாட்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று அந்த இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஊரெல்லாம் பேச்சு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மாட்டுங்காப் பெண் ஹரிதா, அதை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று மெயில் போட்டிருந்தாள். பதில் இல்லை. அதனால் இப்போதும் ஒவ்வொரு படத்துக்கும் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி வரும். இது ஆபத்தாக இருக்கலாம், ஓட்டவா என்று கேட்கும். ‘ரன்’னை அமுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை. அவர் கண் அதைப் படிப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று. விரல் மட்டும் தானாகப் போகும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் மகள் சுனிதாவின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி தேடிக்கொண்டிருந்தபோதும் அதே பெட்டி வந்தது. அமுக்கினார். ஒன்றும் திறக்கவில்லை. மூடிவிட்டு டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

இன்றைக்கு வியாழன். அந்தக் கம்ப்யூட்டர் எங்கேயோ ஊர் பேர் தெரியாத இடத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.

“எப்போ உள்ளே வந்ததுன்னு தெரியலை” என்றாள் ஹரிதா. “ரேடியேஷன் ரூமும் இதே நெட்வொர்க் லைன்தான். அங்கேயும் புகுந்து டோஸை மாத்தியிருந்தா? தெரியற வரைக்கும் யாருக்கும் ரேடியேஷன் குடுக்கப்படாதுன்னு டாக்டர் நிறுத்திட்டார்.”

வெளி பெஞ்சில் இருபத்துமூன்று பேர் காத்திருந்தார்கள். தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகநயினார் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றியபடி எழுந்து வந்தார். தொண்டையில் புற்று, குரல் காற்றாகத்தான் வந்தது. ரேடியேஷனைத்தான் அவர் கரண்டு என்பார்.

“இன்னைக்கு கரண்டு உண்டா சார்? இருவத்தெட்டு தடவ முடிஞ்சிட்டு. இன்னும் அஞ்சுதான். நடுவுல விட்டா பட்ட பாடெல்லாம் வீணாப்போவும்னு டாக்டர் சொன்னாவ.”

“பாத்துட்டு இருக்காவ. இரிங்க” என்றார் மரியசூசை. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே மகேஷ்குமாரைச் சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். அதே கம்ப்யூட்டரில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆள். போன மாசம் அதில் கிரிக்கெட் பார்த்து மாட்டிக்கொண்டவன். வெளியே வந்ததும் நேரே மரியசூசையிடம் போனான். “அண்ணாச்சி, எங்கம்மா சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. நாளையிலேருந்து வராண்டாம்பான் போல.”

மரியசூசை ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. மே மாசம் கல்யாணம், ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருஷம், சீத்தா கேம்ப் சர்ச்சில் கமிட்டி மெம்பர் என்ற பெயர், எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆறுமுகநயினார் தண்ணீரை ஒரு வாய் விழுங்கக் கண்ணை இறுக மூடிக்கொள்வது தெரிந்தது. எழுந்து ஹரிதாவின் அறைக்குப் போனார்.

“நாந்தான்மா அமுக்குனேன்.”

கோபப்படுவாள் என்று நினைத்தார். அவளோ சட்டென்று நிமிர்ந்தாள். “எப்போ? மணி சொல்லுங்கோ.”

“செவ்வாக்கெழம. ஒண்ணேகால் இருக்கும்.”

“பக்கத்தோட பேர்?”

பத்திரிகை அச்சடிப்பவரைத் திறந்து பார்க்கச் சொல்லலாம் என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நீட்டினார். அவள் தட்டினாள். திரையில் வரிகள் ஓடின. லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் நின்றது. ஒன்று பதினாறு. அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு யாரும் போனதில்லை. ஹரிதா போனை எடுத்து ரேடியேஷன் அறைக்குப் பேசினாள். வைத்தபோது அவள் முகம் சிரித்தது.

“அவா திங்கட்கிழமையே சர்வீஸுக்காக லைனைக் கழட்டிட்டா சார். இன்னும் மாட்டலை. மெஷின் தனியாத்தான் ஓடிண்டிருக்கு. இது புகுந்ததோ செவ்வாய்க்கிழமை. அங்கே ஒண்ணுமே போகலை!”

மரியசூசை நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ரிப்போர்ட்ல உங்க பேரை எழுதாம இருக்க முடியாது.”

“எழுதுங்கம்மா.”

“என் மூணு மெயிலையும் சேர்த்தே அனுப்பறேன். தெனம் அறுபது தடவை அதை அமுக்க வெச்சது நாமதானே.”

வராந்தாவில் மகேஷ்குமார் எதிரே வந்தான். விஷயம் அதற்குள் எட்டியிருந்தது. அவர் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனான்.

டாக்டர் வந்து ரேடியேஷன் அறைப் பூட்டைத் திறக்கச் சொன்னார். நர்ஸ் முதல் பெயரைக் கூப்பிட்டாள். ஆறுமுகநயினார் துண்டை அவிழ்த்து மடித்து பெஞ்சில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கனத்த கதவு மெதுவாக மூடியது. அதன் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.