காவலுக்கு வைத்த சொல்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் யாராவது ஒருவர், உலகத்தில் இல்லாத சொல் ஒன்றைக் கட்டி, அதற்கு ஒரு பொருளும் எழுதி, மற்ற சொற்களுக்கு நடுவே நல்ல பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிடுவார்கள். 'காவல் சொல்' என்று பெயர். வேறு அகராதிக்காரர்கள் பார்த்து எழுதினால் அதுவும் கூடவே போய்விடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

போன பதிப்பில் அந்த வேலை துணையாசிரியையின் தலையில் விழுந்தது. விதி ஒன்றே ஒன்றுதான்: யாருக்கும் தேவைப்படாத பொருளாக இருக்க வேண்டும். அவளுக்கு முன்பு இருந்தவர், 'வளைந்த குடைக்கம்பியை நிமிர்த்தும் சிறு இடுக்கி' என்று எதையோ எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர். இவள் அன்று காலை, துவைத்த துணியை உலர்த்த மறந்துவிட்டோமே என்று பதறி மாடிக்கு ஓடியிருந்தாள். அங்கே கணவன் எல்லாவற்றையும் உலர்த்தி, கிளிப்பும் போட்டு வைத்திருந்தான். அந்த நேரத்து மனசு அவளை விட்டுப் போகவில்லை. நிம்மதி என்றால் குறைகிறது, மகிழ்ச்சி என்றால் கூடிப்போகிறது. 'நெகுமல்' என்று ஒரு சொல்லைக் கட்டினாள். 'தான் மறந்த வேலையைப் பிறர் முடித்திருக்கக் கண்டு தோன்றும் சிறு மனக்குளிர்ச்சி' என்று பொருள் எழுதினாள். அங்கேதான் பிசகியது. அது எல்லோருக்கும் தேவைப்படுகிற சரக்கு.

ஆறு வருஷம் கழித்துப் போட்டி அகராதியின் புதுப் பதிப்பில் 'நெகுமல்' இருந்தது.

"மாட்டிக்கிட்டா!" என்று மேசையைத் தட்டினார் பதிப்பாசிரியர். அலுவலகத்தில் அவருக்குக் 'கட்டுக்கோப்பு' என்று பட்டப்பெயர். அமைப்பியல் என்ற மொழிக் கொள்கையில் ஊறிப்போனவர். "சொல்லுக்குன்னு தனியா அர்த்தம் கிடையாது. பக்கத்துச் சொல் எங்க முடியுதோ அங்கதான் இது ஆரம்பிக்குது" என்று டீ கொண்டுவருபவரிடம்கூட வகுப்பெடுப்பார்.

மாட்டிக்கொண்டது வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தங்கை. அவள் பின்அமைப்பியல் பக்கம் போய்விட்டவள். "அர்த்தம் ஓரிடத்துல நிக்குதுன்னு யார் சொன்னா? அது நழுவிக்கிட்டே இருக்கு. எழுதினவங்களுக்கே அது சொந்தம் இல்ல" என்பாள். அண்ணன் தங்கை சொத்துக்காக அடித்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். இந்த இரண்டு பேரும் அர்த்தத்துக்காக அடித்துக்கொண்டு, தனித்தனி அகராதி போட்டு, முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

"நீ ஒரு கையெழுத்துப் போடு, போதும்" என்று அவர் தாளை நீட்டினார். அதில் இரண்டே வரி. 'இது நான் கற்பனையாக உருவாக்கிய சொல். மக்கள் யாரும் இதை வழங்குவதில்லை.' கையெழுத்து விழுந்தால் தங்கை தன் அகராதியிலிருந்து அதை நீக்கியாக வேண்டும். காவல் வேலை முடிந்ததால் அடுத்த பதிப்பில் இவர்களும் நீக்கிவிடுவார்கள். அதோடு நெகுமலின் கதை முடிந்தது.

துணையாசிரியை தாளை வாங்கிப் படித்தாள். முதல் வரி உண்மை. இரண்டாவது பச்சைப் பொய்.

மூன்று மாதத்துக்கு முன்பு பேருந்தில் அவளுக்கு முன் இருக்கையில் இரண்டு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள். "டூட்டிக்குப் போய்ப் பார்த்தா வார்டு மொத்தமும் நிம்மதியா தூங்குது. எனக்கு அப்படியே நெகுமலா இருந்துச்சுடீ!" என்றாள் ஒருத்தி. மற்றவள் "அதென்ன?" என்று கேட்கக்கூட இல்லை. இவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. பெற்ற பிள்ளை யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு போவதைத் தற்செயலாகப் பார்த்தவள்போலப் பல் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அடிக்கடி வாய்த்ததில்லை. ஆனால் சாரிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் காவலைக் கோட்டை விட்டது அவள்தான் என்றாகிவிடும்.

"அவங்க முன்னாடியே போடறேன் சார்" என்று ஒரு நாளைக் கடத்தினாள்.

தங்கையின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. படி குறுகல், சுவரெல்லாம் சொற்களைக் குறித்து வைத்த சீட்டுப் பெட்டிகள். கட்டுக்கோப்பு உட்காரக்கூட இல்லை.

"காப்பியடிச்சுட்ட. ஒத்துக்கோ."

"வா அண்ணா. சௌக்கியமா?" என்றாள் தங்கை. "நான் தெருவுல கேட்டு எழுதினேன். ஆள், இடம், தேதி எல்லாம் இருக்கு." பதினேழு சீட்டுகளை எடுத்து வைத்தாள்.

அவர் சட்டைப்பையைத் தடவினார். கோபத்தில் கிளம்பிய வேகத்தில் கண்ணாடியை மறந்திருந்தார். தங்கை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய இன்னொரு கண்ணாடியை நீட்டினாள். "இந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே பவர்தான். அப்பா கண்ணு."

ஊதா நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் படித்தார். "'மழை விட்டதும் ஒரு நெகுமல்', பஸ் கண்டக்டர். 'பல்லைப் பிடுங்கினதும் நெகுமிப்போச்சு', தையல்காரர். என்ன கூத்து இது? மறந்த வேலை எங்க? முடிச்சு வச்சவங்க எங்க? எல்லாரும் தப்பா சொல்றாங்க!"

"பதினேழு பேரும் தப்பு, கட்டினவங்க மட்டும் சரி. அப்படித்தானே?"

"இதெல்லாம் நீயே உட்கார்ந்து எழுதியிருப்ப!" அவர் திரும்பினார். "ஏம்மா, போடு கையெழுத்தை."

துணையாசிரியை பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

"முடியாது சார். நானே கேட்டேன், பஸ்ல." நர்ஸ்கள் கதையைத் தடுமாறாமல் சொன்னாள். "மூணு மாசமா மறைச்சது என் தப்பு. வேணும்னா என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க. ஆனா அது உயிரோட இருக்கு சார். இல்லைன்னு என் கையால எழுத மாட்டேன்."

கட்டுக்கோப்பு சீட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வரிசை மாற்றி அடுக்கினார். அவருடைய உதடு முணுமுணுத்தது.

"அப்படின்னா நிம்மதி கொஞ்சம் இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கணும். மகிழ்ச்சியும் நகர்ந்திருக்கணும். நடுவுல காலி இடம் இருந்திருக்கு. அதான் வந்து உட்கார்ந்துடுச்சு. பார்த்தியா, நான் சொன்னதுதான்!"

"நகரும்னு நான் சொன்னப்பதானே கதவை அறைஞ்சுட்டுப் போன?"

"நீ நழுவும்னு சொன்ன. நகர்றது வேற, நழுவறது வேற."

"ஆரம்பிச்சுட்டியா!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். ஒன்பது வருஷம் சேர்த்து வைத்த சண்டையை இருவரும் கொண்டாட்டமாகப் போட்டார்கள். பாதியில், கையெழுத்துக்காகக் கொண்டுவந்த தாளை நான்காகக் கிழித்து, ஒரு துண்டின் பின்பக்கத்தில் படம் வேறு போட்டு விளக்கினார். துணையாசிரியையின் வேலையைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை.

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு என்னவோ நெகுமுது."

தொழில் பழக்கம் விடுமா? துணையாசிரியை வெற்றுச் சீட்டு ஒன்றை இழுத்துத் தேதி போட்டுவிட்டாள். "சார், இப்போ எந்த அர்த்தத்துல சொன்னீங்க?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மனிதர், ஊதாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலம்மா. நீ எழுதிக்கோ."

'பேசியவர்' என்ற இடத்தில் 'பதிப்பாசிரியர்' என்று எழுதப்போனவள், எதிரே இருந்த இருவரையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். 'ஓர் அண்ணன்' என்று எழுதினாள்.