தேர்ட் வார்டில் அரிசியும் பருப்பும்

"இத எதுக்கு செல்வி தூக்கிட்டு வந்த?"

செல்வராஜ் கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டான். உள்ளே பெரிய எவர்சில்வர் பாத்திரம். பூந்துண்டு சுற்றியிருந்தும் நெய் வாசம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"சாப்பிடத்தான். வேற எதுக்குக் கொண்டாருவாங்க?" என்றாள் அவன் மனைவி தாமரைச்செல்வி.

"உன்னயப் பேப்பர் பிளேட்டும் ஐசும்தானே கொண்டாரச் சொன்னாங்க?"

"ஆமா, சொன்னாங்க. என்னிக்குத்தான் வேற சொல்லியிருக்காங்க?"

அதுதான் விஷயம். ஹூஸ்டனில் கோபி, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து மாதம் ஒருமுறை பாட்லக் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று வாட்ஸப்பில் பிரித்துக் கொடுப்பது வசந்தாமணி. ஒருத்திக்குக் குழம்பு, ஒருத்திக்குப் பொரியல், ஒருத்திக்கு வெல்லக் கச்சாயம். தாமரைச்செல்விக்கு மட்டும் வருஷக்கணக்காகப் பேப்பர் பிளேட்டும் ஐசும். "நீ ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பாத்துட்டு வர்றவ கண்ணு, உனக்கெதுக்குச் சிரமம்" என்று தேனாகக் குழைவாள். ஆரம்பத்தில் தாமரைச்செல்வியும் உருகித்தான் போனாள். பகல் டூட்டிக்கு மாறி இரண்டு வருஷம் ஆன பிறகும் அதே பிளேட், அதே ஐஸ் என்றால் உருக முடியுமா?

வந்த புதிதில் ஒருநாள் வசந்தாமணி அவளைச் சோபாவில் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்கல்லாம் என்ன கூட்டம் கண்ணு?" என்று கேட்டாள். அந்த ஊர்ப் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்டால் நாகரிகம் இல்லையாம். குலப்பிரிவைக் கேட்டால், இருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். இல்லாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். "எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க்கா" என்று தாமரைச்செல்வி வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து பேப்பர் பிளேட்.

"நீயா ஏதாச்சும் நெனச்சுக்கற" என்றான் செல்வராஜ்.

"சரி. இன்னிக்குப் பாத்துருவோம். சனிக்கிழமை கவுச்சி ஆகாதுன்னு சாக்குச் சொல்ல முடியாது, சுத்த சைவம். இவங்க அத்தன பேரும் பொறந்ததுல இருந்து தின்னு வளந்த அரிசியும் பருப்பும் சாதம். ஒருத்தர் ஒரு வாய் தின்னாலும் போதும், நீங்க சொன்னதுதான் சரின்னு உங்க கால்ல விழறேன். அப்புறம் இதப் பத்திப் பேசவே மாட்டேன்."

"சத்தம் போட்டுராத. ஜேபி வந்திருக்காரு" என்று அவன் கெஞ்சினான். ஜேபி என்கிற ஜெயபிரகாஷ் வசந்தாமணியின் கணவர். ஆபீசில் செல்வராஜுக்கு மேனேஜர். கிரீன் கார்டு வேலை அவர் கையில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு ஏற்பாடு செய்திருந்தது வாக்கிங் டூர். கருப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த தேர்ட் வார்டு பகுதியைச் சுற்றிப் பார்ப்பது. பிள்ளைகள் காலேஜ் அப்ளிகேஷனில் கட்டுரை எழுத உதவும் என்று வசந்தாமணிதான் ஏற்பாடு செய்தாள். எமான்சிபேஷன் பார்க்கில் காரை நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடந்து, திரும்பவும் பார்க்குக்கே வந்து சாப்பாடு.

கைடு பெயர் டெனீஸ். முப்பத்தைந்து வயது இருக்கும், கருப்பினப் பெண், குரல் கணீரென்று இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் காசு சேர்த்து இந்தப் பார்க் நிலத்தை வாங்கினார்கள் என்று ஆரம்பித்தாள். அங்கிருந்து யுனிவர்சிட்டி கொடிக்கம்பத்துக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் கருப்பின மாணவர்கள் அங்கே கூடி, இரண்டிரண்டு பேராக ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்து போனார்களாம். அந்தக் கடையில் அவர்கள் சாமான் வாங்கலாம், காசு கொடுக்கலாம். உள்ளே இருந்த சாப்பாட்டு மேடையில் மட்டும் உட்காரக் கூடாது. டெனீஸ் அவர்களை அந்த வழியாகவே கூட்டிப்போனாள். இப்போது அந்த இடத்தில் போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது.

"அவங்க போய் உட்கார்ந்தாங்க. கடைக்காரர் என்ன செஞ்சார் தெரியுமா? இவங்களுக்குப் பரிமாறக் கூடாதுன்னு சாப்பாட்டு மேடையவே மூடிட்டார்" என்றாள் டெனீஸ்.

"அய்யோ பாவமே" என்று வசந்தாமணி வாயில் கை வைத்தாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "சோத்துல போய்ப் பாகுபாடு பாப்பாங்களா? எப்படித்தான் மனசு வந்துச்சோ இந்த வெள்ளக்காரனுங்களுக்கு!"

தாமரைச்செல்விக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு செல்வராஜைப் பார்த்தாள். அவன் போஸ்ட் ஆபீஸ் சுவரை அப்படி ஆராய்ந்துகொண்டிருந்தான், என்னமோ அதை விலைக்கு வாங்கப் போகிறவன் மாதிரி.

அந்த வருஷக் கடைசிக்குள் கடைகள் வழிக்கு வந்த கதையையும் டெனீஸ் சொன்னாள். ஒருநாள் சத்தமில்லாமல் எல்லாருக்கும் பரிமாறத் தொடங்கினார்களாம். ஊர்ப் பத்திரிகைகள்கூடப் பேசிவைத்துக்கொண்டு சில நாள் ஒரு வரி எழுதவில்லையாம். "ரொம்ப டீசென்ட்டா முடிச்சிருக்காங்க" என்று ஜேபி அவளிடம் இங்கிலீஷில் பாராட்டினார்.

"டீசென்ட்டா?" என்றாள் டெனீஸ். "செஞ்ச தப்பு வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னு பாத்தாங்க சார். அவ்வளவுதான்."

பார்க்குக்குத் திரும்பியபோது எல்லாருக்கும் நல்ல பசி. மேசைமேல் பாத்திரங்கள் வரிசையாக ஏறின. தாமரைச்செல்வி தன் பாத்திரத்தைக் கொண்டுபோய் நட்டநடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யும் சேர்ந்த வாசம் அந்த இடத்தையே தூக்கியது.

"எதுக்கு கண்ணு உனக்கு இந்தச் சிரமம்?" என்று வசந்தாமணி ஓடி வந்தாள். பேசிக்கொண்டே பாத்திரத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். "ஈ மொய்க்குது பாரு" என்று மூடியும் வைத்தாள். பக்கத்தில் திறந்து கிடந்த கச்சாயத்தை மட்டும் டெக்சஸ் ஈக்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

ஒவ்வொருவராக வந்தார்கள். குழம்பு, பொரியல், தயிர்சாதம் எல்லாம் போட்டுக்கொண்டார்கள். மூடிய பாத்திரம் வந்ததும் கை அதைத் தாண்டி அப்பளத்துக்குப் போனது. "டயட்டு" என்றாள் ருக்மிணி, தட்டில் மூன்று கச்சாயத்தை வைத்துக்கொண்டு. தாமரைச்செல்வி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் வடையும் தயிர்சாதமும் தின்றுமுடித்துவிட்டு அதிதி மறுபடி வந்தாள். வசந்தாமணியின் மகள். தாமரைச்செல்வியின் மகள் கயலுக்கு உயிர்த்தோழி, இருவரும் ஒரே ஸ்கூல். "ஓ, அரிசி பருப்பு! மை ஃபேவரிட்!" என்று மூடியைத் திறந்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள். தாமரைச்செல்விக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. சரி, காலில் விழ வேண்டியதுதான் என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஒரு வாய் எடுப்பதற்குள் வசந்தாமணி வந்துவிட்டாள். "உனக்குத்தான் காலையில இருந்து வயிறு சரியில்லையே சாமி" என்று தட்டை மகள் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி, சோற்றோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"அக்கா."

தாமரைச்செல்வியின் குரலில் மேசையே திரும்பிப் பார்த்தது.

"அவ வயித்துக்கு என்ன? இப்பத்தான வடையும் தயிர்சாதமும் தின்னா?"

"கொழந்தைக்கு ஒத்துக்காது கண்ணு. இதப் போய்ப் பெருசு பண்ணாத."

"அப்ப நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. நான் பாக்கோணும்."

"எல்லாரும் பாக்கறாங்க தாமரை. எதுக்கு சீன் போடற?"

"பாக்கட்டும்! போன வருஷம் உங்கம்மா வந்திருந்தப்ப தினம் ராத்திரி வந்து இன்சுலின் ஊசி போட்டது யாரு? அப்ப இந்தக் கை ஆச்சு, இப்ப சோறு போட ஆகலியா? வெள்ளக்காரன் மேடைய மூடுனான்னு கண்ணுல தண்ணி விட்டீங்களே. நீங்க எதுக்கு என் பாத்திரத்த மூடுனீங்க?"

செல்வராஜ் முன்னால் வந்தான். தனக்காகத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் நேரே ஜேபியிடம் போனான்.

"சாரி ஜேபி. அவளுக்கு ரெண்டு நாளா சரியாத் தூக்கமில்ல."

கண்ணால் பார்த்தான். சோறு குப்பையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைக் கொட்டியவளின் புருஷனிடம் மன்னிப்புக் கேட்கிறான்! வசந்தாமணிமேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"என்ன ஆச்சு? எல்லாம் ஓகேவா?" என்று டெனீஸ் தன் தட்டோடு வந்தாள்.

"நத்திங், நத்திங். ஃபேமிலி மேட்டர்" என்று ஜேபி சிரித்தார்.

"நான் உங்க ஃபேமிலி இல்ல" என்று தாமரைச்செல்வி ஆங்கிலத்துக்கு மாறினாள். நோயாளிகளிடம் பேசுகிற அதே ஆங்கிலம், அதே தெளிவு. "இந்தியாவில் சாதி என்று ஒன்று இருக்கிறது. நான் அருந்ததியர். இவர்கள் எங்களுக்கு மேலே என்று இவர்கள் நினைப்பு. நான் சமைத்ததை இவர்கள் தொட மாட்டார்கள். இவ்வளவு வருஷம் என்னைத் தட்டு மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள், நானும் கொண்டுவந்தேன். இன்றைக்குச் சோறு கொண்டுவந்தேன். குப்பையில் கொட்டினார்கள்."

"செல்வி, கிரீன் கார்டு" என்று செல்வராஜ் அடிக்குரலில் முனகினான்.

"கெடக்குது போங்க!"

டெனீஸ் ஜேபியைப் பார்த்தாள். வசந்தாமணியைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். அதில் இருந்ததெல்லாம் வசந்தாமணி ஆசை ஆசையாகப் பரிமாறியது.

"அம்மா."

கயல் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் அவளிடம் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு எதற்கு இந்தக் கருமம் என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்துவைத்தது. எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் தமிழில் கேட்டாள்.

"அது நாமளா?"

"ஆமா. நாமதான்."

"உனக்குத் தெரிஞ்சும் ஏன்மா என்னய ஒவ்வொரு மாசமும் இங்க கூட்டிட்டு வந்த?"

வசந்தாமணியிடம் விடியவிடியச் சண்டை போட அவளுக்கு வார்த்தை இருந்தது. மகளிடம் சொல்ல இருந்தது ஒன்றுதான். "உனக்கு ஃப்ரெண்டு வேணும்னு" என்றாள்.

கயல் மேசையருகே போனாள். பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு புதுத் தட்டில் இரண்டு கரண்டி போட்டு, அதிதியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"உனக்கு ஃபேவரிட்டுன்னு சொன்னல்ல. சாப்பிடு."

அதிதி தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணியின் ஒரு பார்வையே போதுமாக இருந்தது. அதிதி இரண்டு கைகளையும் ஹூடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "ஐ'ம் ஃபுல்" என்றாள்.

கயல் தட்டை இறக்கவில்லை. அதிதியின் முன்னால் நீட்டியபடியே நின்றாள்.