முப்பது பல்

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று லிஃப்ட்காரர் சொன்னபோது, என் கையில் கிரீஸ் டப்பா இருந்தது. என்ன ஆபரேஷன் என்றே எனக்குத் தெரியாது. அதைக் கிழிக்க வைத்தவன் நான்தான் என்பது அடுத்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வயது ஐம்பத்தாறு. ஊரில் பாதிப் பேரை மாடியேற்றுவது நான், எனக்கு மட்டும் மிதித்து ஏறுகிற தலையெழுத்து என்பார். ஞாயிறு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போவார். நாலு கிலோமீட்டர் ஏற்றம், ஐந்து வளைவு. அவர் சைக்கிளில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம். பெரியதில் ஐம்பது பல், சின்னதில் முப்பத்துநாலு. பல் குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும், சமதளத்தில் வேகம் போய்விடும். குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். என் சைக்கிள் கடைச் சுவரில் தொங்கிய முப்பது பல் சக்கரத்தைச் சுண்டிவிட்டு, "இது பால் பல்லு தம்பி. விழுந்து முளைச்சவனுக்கு எதுக்கு?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

போன வாரம் பெடல் சுழலும் கிராங்க் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது என்று சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். பேரிங் தேய்ந்திருந்தது. மறுநாள் காலை அவர் மனைவி வந்தார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"இந்த வருஷம் அவர் சட்டையை ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சிருக்கேன் தம்பி. மேட்டுக்குப் போயிட்டு வந்தா உதட்டுல ரத்தமே இல்ல. கேட்டா வெயிலுங்கறாரு. போகாதீங்கன்னா கேக்கற ஆளா அவரு? மிதிக்கிறதையாவது லேசாப் பண்ணிக் குடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். பார்த்தாயிற்று, பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

என்னிடம் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்றில் நாற்பத்தெட்டும் முப்பத்திரண்டும். இன்னொன்றில் நாற்பத்தாறும் முப்பதும். முதல் ஜோடியைத்தான் கை எடுத்தது. பாதி வேலையில் அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. நல்லது செய்யும்போது என்ன கஞ்சத்தனம்? கழற்றிவிட்டு முப்பதை மாட்டினேன். சக்கரத்தில் அடித்திருந்த பல் எண்ணிக்கையைக் கறுப்புப் பெயின்ட் வைத்து மறைத்தேன். செயினில் இரண்டு கண்ணியை எடுத்தேன். செயினைத் தள்ளிவிடும் தகட்டை எட்டு மில்லிமீட்டர் இறக்கியதில், ஃபிரேமில் அதன் பட்டை முன்பு இருந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். திருடன்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்யமாட்டான். கழற்றிய பழைய ஜோடியைப் பட்டறை மேஜைக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்தேன். வண்டியை எடுக்க வந்தவர் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பேரிங் மாத்தினதும் வெண்ணெய் மாதிரி ஓடுதே என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இன்றைக்கு மேட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் மட்டும் பரீட்சையில் பாஸான பையனைப் போல மின்னியது.

"அஞ்சு வளைவு தம்பி. ஒரு இடத்துல கால் ஊனல."

மூச்சு வாங்க வாங்க மீதியைச் சொன்னார். இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டதாம். தள்ளிப்போட்டால் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவார் என்றாராம் டாக்டர். இவர் நம்பவில்லை. தனக்குத்தானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்: சைக்கிளிலிருந்து இறங்காமல் மேட்டை ஏறினால் டாக்டர் சொன்னது பொய். ஆறு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளைவிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். இன்றும் இறங்கினால் நாளைக்குக் கையெழுத்து என்று தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறார். மேலே போய்க் கிழித்துக் காற்றில் விட்டாராம்.

"உங்க அண்ணிக்குச் சொல்லல. சொன்னா அன்னைக்கே கட்டில்ல கட்டிப் போட்டிருப்பா."

புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷன், நடுவில் ஸ்பேனரோடு நான். முப்பத்திரண்டை மாட்டியிருந்தால் மூன்றாவது வளைவில் இல்லாவிட்டாலும் நாலாவதில் இறங்கியிருப்பார். தாள் பையிலேயே இருந்திருக்கும்.

பேசாமல் இருந்துவிடலாம். சைக்கிள் கடைக்காரனுக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்? டாக்டர் மறுபடி கூப்பிடுவார், அண்ணிக்கு எப்படியாவது தெரிந்துவிடும் என்றெல்லாம் மனசு சாக்குத் தேடியது. அதற்குள் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார்.

"வெயில் ஏறறதுக்குள்ள இன்னொரு நடை போயிட்டு வந்துடறேன். ஒரு தடவை ஏறினா அதிர்ஷ்டம்பாங்க. ரெண்டு தடவை ஏறிட்டா யார் என்ன சொல்ல முடியும்?"

நான் சீட்டைப் பிடித்தேன்.

"அண்ணே, லிஃப்ட் திடீர்னு வழக்கத்தைவிட லேசா ஏறினா என்ன பண்ணணும்பீங்க?"

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. என்னிடமே பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

"நிறுத்தணும்," என்றார் சிரித்துக்கொண்டே. "மோட்டாருக்கா பலம் வந்திருக்கும்? எங்கேயோ எடையை மாத்தி..."

அவர் பார்வை செயினுக்கு இறங்கியது. நான் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து சாக்கை எடுத்துப் பிரித்தேன். ஐம்பதும் முப்பத்துநாலும், அவருடைய பழைய அழுக்கோடு. மேஜைமேல் வைத்தேன். ஒரு பக்கம் தேய்ந்திருந்த பல்லை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததை நான் பார்த்தேன்.

"யாரு சொல்லிப் பண்ணின?"

நான் சாக்கை மடித்தேன். "அவ நாடாவோட வந்தாளா?" என்றார், தனக்குள் பேசுவதுபோல.

சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். சின்னச் சக்கரத்தில் ஒரு பல்லின்மேல் கட்டைவிரலால் கிரீஸை வைத்து அடையாளம் போட்டுக்கொண்டு, அடுத்ததிலிருந்து வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபதுக்குமேல் குரல் இறங்கிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. இருபத்தொன்பதுக்கு அடுத்து விரல் கிரீஸ் வைத்த பல்லுக்கே வந்து நின்றது. அவர் அதையும் எண்ணினார். பிறகு நிறுத்தாமல், எங்கேயோ நாலு பல்லைத் தவறவிட்டவர்போல, மறுபடி ஒன்று என்று தொடங்கினார்.