வாசல் இல்லாத டாங்கர்

இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்தைவிட்டு ஒரு அடிகூட எழும்பாமல், உட்கார்ந்த இடத்திலேயே புகைந்து வெடித்தபோது, கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி கைதட்டினாள்.

"அருமை! போன தடவை மேலேயாவது போச்சு, இந்தத் தடவை சத்தம் நல்லா இருந்துச்சு."

"அண்ணி, துணியை மட்டும் மடிங்க."

"மடிச்சுட்டுத்தான் இருக்கேன். உன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு யாராவது காசா கேக்கறாங்க?"

அண்ணியின் நாத்தனார் கணினித் திரையில் அடுத்த ராக்கெட்டை அடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுவதும் லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமின் பள்ளத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார வைக்கிற கை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கை ஒரு மனிதரைக் காப்பாற்றுவதற்காக, எரிபொருள் சுமந்து போகும் டாங்கர் கட்டிக்கொண்டிருந்தது.

மனிதர் வேறு யாருமில்லை. இரண்டு வீட்டாரும் பேசி, அவளுக்காகப் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைதான். லிஃப்ட் மெக்கானிக். அதனால் இந்த வீட்டில் அவருக்கு 'லிஃப்ட்காரர்' என்று பெயர். பெயர் வைத்தது அண்ணி. முதல் சந்திப்பில் என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் தயங்கித் தயங்கி இந்த விண்வெளி விளையாட்டைப் பற்றிச் சொன்னார். "அட, நானும் ஆடுவேன்!" என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே வானத்தில் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் போன வாரம் வந்தது. நிலவுக்குப் போய்த் திரும்பிய அவருடைய விண்கலம், பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இறங்கவே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டால், "சும்மா சுத்திப் பார்த்துட்டு இருக்கேன். மேலேர்ந்து பார்க்க அழகா இருக்கு" என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும்.

"எரிபொருள் தீர்ந்துபோச்சு அண்ணி. அதான் இறங்க முடியல. ஒரு வார்த்தை, 'மாட்டிக்கிட்டேன், வந்து உதவி பண்ணு'ன்னு சொல்றாரா பாருங்க."

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு மேலேயே மாட்டிக்கிட்டாரா!" அண்ணி தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. இதுலயே ஒத்துக்க மாட்டேங்கறவர், நாளைக்கு வீட்டுல ஒரு தப்பு பண்ணா ஒத்துப்பாரா? காலம் பூரா 'சும்மா சுத்திப் பார்க்கறேன்'னு சொல்றவர்கூட எப்படி அண்ணி குடும்பம் நடத்தறது?"

அண்ணியின் சிரிப்பு நின்றது. ஏனென்றால் சாயங்காலத்துக்குள் அம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு போன் பண்ணி, சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்ப எதுக்குடி டாங்கர் அனுப்பறே?"

"கிட்ட போய் நின்னா, வாயைத் திறந்து கேக்கறாரான்னு பார்க்கத்தான். கேட்டா சரி. கேக்கலன்னா வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

டாங்கர் கட்டுவது அவள் நினைத்ததுபோல் லேசாக இல்லை. முதல் ராக்கெட் அழகாக மேலே போனது; ஆனால் போய்ச் சேரும்போது டாங்கில் ஒரு சொட்டு இல்லை. கொண்டுபோகிற சாப்பாட்டை வழியிலேயே தின்று தீர்த்துவிட்டு, வெறும் பாத்திரத்தோடு போய் நிற்கிற விருந்தாளி மாதிரி. சரி என்று இன்னும் இரண்டு டாங்க் சேர்த்தாள். கனம் தாங்காமல் ராக்கெட் எழும்பவே இல்லை. அதுதான் அண்ணி கைதட்டிய ராக்கெட்.

இப்போது இரண்டு பக்கமும் துணை ராக்கெட்டுகளைக் கட்டினாள். வேலை முடிந்ததும் அவை கழன்று விழுந்துவிடும், சுமை குறையும். ஆடாமல் இருக்கக் குறுக்குக் கம்பிகள் போட்டாள். காற்றைக் கிழித்துப் போகத் தலையில் மழமழவென்று ஒரு உருண்டைத் தொப்பி வைத்தாள்.

மூன்றாவது ராக்கெட் போனது. அண்ணி துணியை விட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். துணை ராக்கெட்டுகள் கழன்றன. வானம் கறுத்தது. டாங்க் அப்படியே நிறைந்திருந்தது.

"போயிடுச்சு! ஏய், நிஜமாவே போயிடுச்சுடி!"

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரை அழைத்தாள். டாங்கரை மெல்ல மெல்ல அவருடைய கலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவருடைய கலத்தின் மூக்கில் இணைப்பு வாசல், ஒரு வட்ட வளையமாகத் தெரிந்தது. அதோடு தன் வாசலைப் பொருத்தினால் எரிபொருள் பாயும்.

தன் வாசலைத் தேடினாள்.

டாங்கரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இன்னொரு சுற்றும் பார்த்தாள். அந்த உருண்டைத் தொப்பியை வைப்பதற்காக எதைக் கழற்றி ஓரமாகப் போட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. காது சிவந்துவிட்டது.

"வந்துட்டீங்களா?" என்றார் அவர். "என்ன திடீர்னு இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் அவள். "சும்மா சுத்திப் பார்க்கலாம்னு வந்தேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதிலேயே விழுந்தது. பின்னால் அண்ணி வாயில் துண்டை அடைத்துக்கொண்டாள்.

அவர் தணிந்த குரலில், "உங்களுக்கும் எரிபொருள் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்.

உங்களுக்கும். தனக்கும் தீர்ந்துபோச்சு என்று ஒத்துக்கொண்ட அந்த ஒரு 'உம்'மில் அவளுக்குக் கோபமெல்லாம் வடிந்துபோனது.

"இல்ல. டாங்க் நிறைய இருக்கு. வாசல் வைக்கத்தான் மறந்துட்டேன்," என்றாள் ஒரே மூச்சில்.

"எனக்கு வாசல் இருக்கு. டாங்க்தான் காலி. மாட்டிக்கிட்டுதான் நிக்கறேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"லிஃப்ட் மெக்கானிக் மேல மாட்டிக்கிட்டான்னு சொன்னா, உங்க வீட்டுல சிரிப்பாங்களேன்னு..."

"சிரிச்சாச்சு. சிரிச்சுட்டுத்தான் வந்திருக்கோம்."

"கொஞ்சம் உதவி பண்ணுங்களேன்," என்றார் அவர். கெஞ்சலும் இல்லை, வீம்பும் இல்லை.

உதவி பண்ணலாம்தான். எப்படி? அவள் அவருடைய கலத்தின் வளையத்தை உற்றுப் பார்த்தாள். தன்னுடைய உருண்டைத் தொப்பியைப் பார்த்தாள். லென்ஸும் ஃப்ரேமும்!

"எரிபொருள் தர முடியாது. ஆனா தள்ள முடியும். நீங்க கீழ இறங்கணும்னா வேகம் குறையணும், அவ்வளவுதானே? நான் உங்களுக்கு முன்னாடி போய்த் திரும்பி நிக்கறேன். உங்க வளையத்துல என் தொப்பி உக்காரும். எதிர்ப்பக்கமா தள்றேன்."

"மூக்கோட மூக்கு வெச்சா?"

அண்ணிக்கு அது ஹெட்போன் வழியாகவே கேட்டுவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியேவா!" என்றாள்.

"அது யாரு?"

"யாருமில்ல. நீங்க ஆடாம நில்லுங்க."

முதல் தடவை தொப்பி வழுக்கி, அவருடைய கலம் பம்பரமாகச் சுற்றியது. "ஐயோ, தலை சுத்துது," என்றார். இரண்டாவது தடவை அவர் தன் கலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொப்பி வளையத்தில் உட்கார்ந்தது. எஞ்சினை மெல்லத் திறந்தாள்.

"இடது பக்கம் சாயுது, கொஞ்சம் குறைங்க."

"குறைச்சுட்டேன். நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க. அதிகம் வேண்டாம், கொஞ்சமா."

"இப்ப?"

"அப்படியே இருங்க. நல்லா இருக்கு."

அந்தக் கலம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, சரியத் தொடங்கியது. அவள் டாங்கரைப் பின்னுக்கு இழுத்து விலகினாள். அவர் கலத்தின் அடிப்பக்கத்தைக் கீழே திருப்பிக்கொண்டு, தீயைக் கிழித்தபடி இறங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா அறை வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி நான் போனை வெச்சுட்டு உக்காந்திருக்கறது? அந்தப் பையனைப் பத்தி என்ன சொல்லட்டும்? சரியா, வேண்டாமா?"

மைக் திறந்தே இருந்தது. ஹெட்போனில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"அவசரமில்லைங்க," என்றார் அவர். "நான் இன்னும் கீழ வந்து சேரல."

திரையில் சிவப்பும் வெள்ளையுமாக பாராசூட் விரிந்தது. அவள் ஒரு கையால் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க போனைக் கீழ வைங்க. அவர் லைன்லதான் இருக்கார். இறங்கட்டும், சரின்னு நானே சொல்லிக்கறேன்."